காடில்லாத சீமையில் என்ன பாலூட்டி இருக்கிறது?

மார்ச் 9

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டது இது: "நம்ம செட்டிநாட்டுப் பக்கம் காடு கிடையாது. ஆடு, மாடு, நாய், பூனை, எலி, இதை விட்டால் பாலூட்டி என்று சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் டாப்சிலிப்புக்கோ முதுமலைக்கோதான் கூட்டிப்போக வேண்டும்."

அவர் பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டும், நல்லதுதான். ஆனால் இங்கே ஒன்றும் இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உலகத்தில் பாலூட்டி இனங்கள் ஏறக்குறைய 6,500. அதில் பத்தில் நான்கு எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறிக்கும் பிராணிகள். ஐந்தில் ஒன்று வௌவால், 1,400 இனங்களுக்கு மேல். இந்த இரண்டு கூட்டத்தைச் சேர்த்தாலே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. யானையும் புலியும் சுவர்ப்படத்தில் பெரிதாக இருக்கலாம். எண்ணிக்கையில் பாலூட்டி என்பது பெரும்பாலும் கையளவு உயிர், ராத்திரியில் நடமாடுகிற உயிர். அப்படிப்பட்டவை நம் வீட்டு மச்சிலும் கண்மாய்க் கரையிலும் தாராளமாக இருக்கின்றன. நாம் படுத்த பிறகு அவை கிளம்புகின்றன, அவ்வளவுதான்.

நான் படித்தது விலங்கியல். பார்க்கிறது வயரிங் வேலை. கல்லல், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பழைய வீடுகளில் ஒயர் மாற்றுவதற்காக ஓட்டுக்கூரைக்கு அடியில் தவழ்கிறவன். அதனால் இந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. ஒரே மூச்சில் முடியாது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

மார்ச் 10

முதலில் மரநாய். பேரில் நாய் இருந்தாலும் நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீரி, பூனை இவற்றுக்கு நெருங்கிய உறவு. சாம்பல் உடம்பு, முதுகில் மங்கலான கறுப்புக் கோடுகள், உடம்பளவு நீளத்துக்கு வால். இரண்டு முற்றம் வைத்த இரட்டை வளவு வீடுகளில் மேல்மச்சு பூட்டியே கிடந்தால் அநேகமாக அங்கே ஒன்று குடியிருக்கும். வீட்டுக்காரர்கள் "மேலே யாரோ நடக்கிறார்கள்" என்று பயந்துபோய் என்னிடம் சொன்னதுண்டு.

பகலில் அதைப் பார்ப்பது அரிது. எச்சத்தைப் பார்க்கலாம். கைப்பிடிச் சுவரின் மேல், தளத்தின் ஓரத்தில், எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் போடும். உற்றுப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் விதை. ஈச்சங்கொட்டை, நாவல் கொட்டை, அத்திப் பழத்தின் பொடி விதை, எல்லாம் முழுசாக, செரிக்காமல். சதையை மட்டும் எடுத்துக்கொண்டு விதையைக் கெடுக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. ஊருக்கு வெளியே, மனிதர் கை படாத வரப்பு ஓரத்திலும் இடிந்த மதில் இடுக்கிலும் ஈச்சையும் அத்தியும் முளைத்து நிற்பதில் பறவைகளுக்குப் பங்கு உண்டு, மரநாய்க்கும் உண்டு. கூடவே எலியையும் பிடிக்கும்.

மார்ச் 12

"அது கோழியைத் தூக்கும், அதைச் சொல்லவில்லையே" என்று திருப்பத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார். தூக்கும். கூண்டைச் சரியாக அடைக்காத வீட்டில் தூக்கும். கூண்டுக்குக் கனமான கம்பிவலை போட்டுத் தாழ்ப்பாள் வைத்தால் போதும், பொறி தேவையில்லை.

மார்ச் 15

இன்று ஒரு வீட்டில் பசை அட்டை வைத்திருந்தார்கள், ஒயரை எலி கடிக்கிறது என்று. அட்டையில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தவை மூஞ்சூறுகள். எனக்கு மனசே ஆறவில்லை.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். மூஞ்சூறு எலியே இல்லை. எலிக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அதனால்தான் கதவு, குழாய், ஒயர் என்று கிடைத்ததையெல்லாம் கொறிக்கிறது. அணிலும் அப்படியே. மூஞ்சூறுக்கு அந்த மாதிரிப் பல் கிடையாது. அதற்கு இருப்பது சின்னச் சின்னக் கூர்ப்பற்கள், கரப்பான்பூச்சியின் ஓட்டை உடைப்பதற்கு. நீண்ட மூக்கும் பொடிக் கண்ணுமாகச் சுவரோரமாகவே ஓடும், கீச்கீச் என்று சத்தம் போடும். ராத்திரி சமையல்கட்டில் அது தேடி வருவது கரப்பான், பாச்சை, சிலந்தி வகையறா. கிடைத்தால் சோற்றுப் பருக்கையும் தின்னும். ஒயரைக் கடித்ததாக இதன் மேல் பழி போடுவது அநியாயம். நான் மாற்றிய ஒயர்களில் தெரிவது உளி வைத்து இழுத்த இரட்டைக் கோடு. அது எலிப்பல்.

நாற்றம் அடிக்கும், உண்மைதான். விலாப்புறச் சுரப்பியிலிருந்து வருகிற நெடி. அந்த நெடியால்தான் பூனைகூட அதைப் பிடித்தாலும் தின்னாமல் போட்டுவிடுகிறது.

தாய் தன் குட்டிகளை இடம் மாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தாயின் வாலடியை முதல் குட்டி வாயால் பற்றிக்கொள்ளும், அதன் பின்பக்கத்தை அடுத்தது பற்றிக்கொள்ளும், இப்படியே வரிசையாக. தாய் வளைந்தால் வரிசை முழுதும் வளையும். பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடம்) ஆத்தங்குடிக் கல் மேல் இப்படி ஒரு வரிசை போனதை நான் நின்று பார்த்தேன். கூட இருந்த பையனும் நானும் டார்ச்சை அணைத்துவிட்டு வழிவிட்டோம்.

பிள்ளையார்பட்டியை வைத்துக்கொண்டிருக்கிற சீமை இது. அவருடைய வாகனத்தைப் பசையில் ஒட்டிக் கொல்லலாமா?

மார்ச் 23

இலுப்பை பூத்துவிட்டது! இந்த வாரம் எவ்வளவு வேலை இருந்தாலும் இரவில் மரத்தடிக்குப் போகாமல் இருக்க முடியாது.

இலைகள் அநேகமாக உதிர்ந்த கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கள் தொங்கும். வெளியே பழுப்பு நிறத்தில் ரோமம் படர்ந்த தடித்த புல்லி. உள்ளே வெளிர்மஞ்சளாக, சதைப்பிடிப்பான அல்லி, அதாவது இதழ்க் குடுவை, நசுக்கினால் சாறு. அதிலிருந்து சூலகத் தண்டு மட்டும் மெல்லியதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. நம் உள்ளங்கையில் அடங்குகிற சிறிய இனம். கொத்தில் வந்து பற்றிக்கொள்கிறது, ஒன்றிரண்டு நொடிதான், அல்லியைக் கவ்வி இழுத்துக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஒன்றிரண்டு நொடியில் முகத்திலும் மார்பிலும் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அடுத்த கொத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் அது படுகிறது. அல்லி போனால் பூவுக்கு நஷ்டம் இல்லை, சூலகம் கிளையிலேயே இருக்கிறது, காயாகும். தின்னக் கொடுப்பதற்கென்றே ஒரு பாகத்தை மரம் வைத்திருக்கிறது!

பெரிய பழந்தின்னி வௌவாலும் வரும். இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். அது வந்து உட்கார்ந்தால் கிளையே தாழ்ந்து எழும்.

தென்னிந்திய இலுப்பை மரங்களில் வௌவால்கள் நடத்தும் இந்த மகரந்தச் சேர்க்கையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முறையாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். நாம் மரத்தடியில் நின்றே பார்க்கலாம். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் இருந்தால் போதும், வெள்ளை வெளிச்சம் அடிக்காதீர்கள்.

மார்ச் 24

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று எழுதியவருக்கு: தெரியும். பெரிய பழந்தின்னி கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பறக்கிறது. சத்தம் எழுப்பி எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிப்பது பூச்சி தின்னும் சின்ன இனங்கள். நெட்டிலிங்க மரம் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் ஒருமுறை அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். குட்டைமூக்கு வௌவாலின் ஆண், தொங்கும் இலைக்கொத்துக்குள் தண்டுகளைக் கடித்து ஒதுக்கி ஒரு கூடாரம் செய்து வைத்திருக்கும். பெண்கள் அங்கே வந்து தங்கும். பாளையங்கோட்டைப் பக்கம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார், நிபா காய்ச்சல் வராதா, ஊர்க்கோடி மருத மரத்தில் தொங்குகிற வௌவால்களைப் புகை போட்டு விரட்டலாமா என்று. பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

நிபா வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவாலில் இருப்பது உண்மை. 2018இல் கோழிக்கோட்டில் வந்தபோது அந்த வட்டார வௌவால்களில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மலேசியாவில் 1998–99இல் பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவியது. வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பதநீரை வௌவால் நக்கி, அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வந்தது. ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னக் கூடாது. பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிட வேண்டும். திறந்து கிடந்த கலயத்துப் பதநீர் வேண்டாம். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது.

விரட்டுவது இதில் எதையும் செய்யாது. விரட்டினால் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுக்கார வௌவால்களை ஆராய்ந்தவர்கள், காட்டில் இரை கிடைக்காமல் அவை ஊருக்குள் ஒண்டும் காலத்தில்தான் நிபா வகையைச் சேர்ந்த ஹென்ட்ரா வைரஸ் குதிரைகளுக்கு அதிகம் தொற்றுவதாகக் கண்டிருக்கிறார்கள். அத்தோடு இது குட்டிக்காலம். ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. தாய் அதை வயிற்றோடு கட்டிக்கொண்டு தொங்குகிறது. இப்போது புகை போட்டால் குட்டிகள் கீழே விழும், அதைப் பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். நீங்கள் பயப்படுகிற காரியம் அப்போதுதான் நடக்கும்.

ஏப்ரல் 3

சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. எலி, காக்கையோடு பழந்தின்னி வௌவாலையும் அதில் தீங்குயிர் என்று வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற நிலை ஐம்பது ஆண்டு நீடித்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. தேனி மேகமலைப் பக்கம் மட்டுமே நெடுநாள் அறியப்பட்டிருந்த சலீம் அலி பழந்தின்னி வௌவாலுக்கு முன்பே தனிப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. சாதாரண வௌவாலுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. மின்கம்பியில் கருகித் தொங்குகிற வௌவாலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பியில் தொங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. இறக்கையை விரிக்கும்போது அடுத்த கம்பியில் பட்டால் முடிந்தது. வௌவால் தங்கும் மரத்தையும் கண்மாயையும் ஒட்டிப் போகிற லைனில் மட்டுமாவது உறையிட்ட கம்பி போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஊரார் சேர்ந்து மனுக் கொடுத்தால் நடக்கும்.

ஏப்ரல் 14

புத்தாண்டுக்கு ஒரு ஆச்சி சென்னையிலிருந்து வந்து வீட்டைத் திறந்தார்கள். பூட்டியே கிடந்த இரண்டாம் கட்டு அறையில் விட்டத்தில் துரிஞ்சல்கள், பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள், வரிசையாகத் தொங்கின. தரையில் எச்சம். இவற்றை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஆச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாங்க வருஷத்துக்கு நாலு நாள் வர்றோம் தம்பி, இதுக முந்நூத்தி அறுபது நாளும் இருக்குக. இதுக வீடுன்னுதானே சொல்லணும்? அந்த ஒரு அறையை விட்டுரு" என்றார்கள். எனக்கு அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

துரிஞ்சல் தின்பது பூச்சி. ஓர் இரவில் தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்குத் தின்னும். அந்தி நேரத்தில் முற்றத்து வானத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கிறதே, அப்போது நெல்லைத் துளைக்கும் அந்துப்பூச்சியும் கொசுவும் அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அதன் எச்சம் நல்ல உரம். மேலே பறக்காதபடி தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாரிச் செடிக்குப் போடலாம்.

விட்டத்துக்குக் கீழே சாக்கு விரித்துவிட்டால் சுத்தம் செய்வது சுலபம். வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குட்டிகள் பறக்கப் பழகிய பிறகு, ராத்திரி எல்லாம் வெளியே போன நேரம் பார்த்து ஓட்டை அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது அடைத்தால் அத்தனையும் சாகும்.

மே 5

சீமைக் கருவேலை முழுதுமாக ஒழிக்க வேண்டும் என்று வேறொரு பேச்சில் எழுதியிருந்தேன். அதை எடுத்துக்காட்டிச் சிலர் கேட்டார்கள். ஒழிக்கத்தான் வேண்டும், கண்மாய் உள்வாயை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கோடையில் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்துவிடுவதில் எனக்கு இப்போது தயக்கம் இருக்கிறது. ஊரைச் சுற்றி வேறு புதரே மிச்சமில்லாத இடத்தில் முயலும் கீரியும் காட்டுப்பூனையும் நரியும் ஒண்டியிருப்பது அந்த முள்ளுக்குள்தான். ஒரு பக்கமாக வெட்டி, அங்கே காரை, சூரை, இலந்தை, நொச்சி என்று நம் புதர்களை வளரவிட்டு, பிறகு அடுத்த பக்கம் போகலாம். கோயில்காடு இருக்கிற ஊர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அய்யனார் காட்டில் யாரும் குச்சி ஒடிப்பதில்லை.

மயில் பெருகிப்போனதற்கு நரி குறைந்ததுதான் காரணம் என்று விவசாயிகள் அடித்துச் சொல்கிறார்கள். மயில் தரையில் முட்டையிடுவது, நரியும் கீரியும் அதைத் தின்பது, இரண்டும் உண்மை. அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தரிசும் முள்ளுமாக நிலம் மாறியதும் மயிலுக்குத் தோதாகிவிட்டது. நரி இருந்த காலத்தில் வயலில் எலிக்கும் நண்டுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

மே 6

"ஆடு மாட்டை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடவில்லை. ஆட்டு மந்தை மேய்க்கிற கீதாரிகள் கிடை போடுகிற காலம் இது. அறுத்த வயலில் செம்மறிகளை ராத்திரி அடைத்து, மறுநாள் வேலியைப் பெயர்த்து அடுத்த வயலுக்குப் போகிறார்கள். புலிக்குளம் மாட்டுக் கிடையும் அப்படித்தான். பகலில் கண்மாய்ப் புறம்போக்கிலும் தரிசிலும் மேய்ந்த புல் இரவில் வயலுக்கு எருவாக வருகிறது. ஒரு காலத்தில் மான் கூட்டம் காட்டுக்குச் செய்த வேலையை இங்கே கிடை செய்கிறது. சீமைக் கருவேல் நெற்றைத் தின்று விதையை ஊரெல்லாம் பரப்புவதும் இந்த ஆடுகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

2018இல் வந்த ஓர் ஆய்வுக் கணக்கு: உலகத்துப் பாலூட்டிகள் எல்லாவற்றையும் தராசில் வைத்தால் எடையில் 60 விழுக்காடு கால்நடை, 36 மனிதர், மிச்சம் 4தான் காட்டுயிர். திமிங்கலம், யானை எல்லாம் அந்த நாலுக்குள். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

மே 19

அழுங்கை, அதாவது எறும்புதின்னியைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். யாராவது இடம் கேட்பார்கள் என்ற பயம்தான். இடம் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

உடம்பு முழுக்கச் செதில் கொண்ட பாலூட்டி உலகத்திலேயே அழுங்கு இனங்கள் மட்டும்தான், எட்டு இனம். செதில் என்பது நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. வாயில் பல் கிடையாது. கரையான் புற்றை முன்னங்கால் நகத்தால் பிளந்து, நீண்ட நாக்கை விட்டு எறும்பையும் கரையானையும் நக்கி எடுக்கும். நிலைக்கதவைக் கரையான் அரித்துவிட்டது என்று மருந்துக்காரரைக் கூப்பிடுகிற நாம், அதையே தின்று வாழ்கிற ஒன்றைச் செதிலுக்காக விற்கிறோம். ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டுகொள்ளும். புலிக்கு எதிராக அது போதும். சாக்குப்பையோடு வருகிற மனிதனுக்கு அதைவிட வசதி ஏது? குட்டி ஒன்றுதான் போடும், தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு போகும். யாராவது விலைபேசுவது காதில் விழுந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தேவாங்கு இங்கே உண்டா என்று கேட்டவர், சிங்கம்புணரியிலிருந்து வடமேற்கே அய்யலூர், கடவூர் மலைப்பக்கம் போய்ப் பாருங்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அதுவும் பூச்சி தின்று வாழ்வது, முள்காட்டில்.

ஜூன் 8

தொண்டிக்குப் போய் வந்தேன். செட்டிநாட்டுக்கு நண்டும் மீனும் வருகிற கடல். அங்கே ஒரு பெரியவர் ஆவுளியாவை வலையிலிருந்து விடுவித்த கதையைச் சொன்னார். கடற்பசு. யானைக்குத் தூரத்துச் சொந்தம், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், அதனால் வலையில் மாட்டினால் மூச்சுத் திணறியே செத்துப்போகும். கடலடிப் புல்லை மேய்வதுதான் அதன் வாழ்க்கை. மேய்ந்த இடத்தில் புல் புதிதாகத் துளிர்க்கிறது. அந்தப் புல்தரையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக ஆக்கினார்கள், இந்தியாவில் முதல். பெரியவர் சொன்னது: "அது மூச்சு விடுற சத்தம் மனுசன் பெருமூச்சு விடுற மாதிரியே இருக்கும். கேட்டப்புறம் கத்தியை எடுக்க மனசு வராது."

வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்குச் சேதத்துக்கு உதவித்தொகை உண்டு. வீடியோ எடுத்து வனத்துறையிடம் காட்ட வேண்டும். இது பல கரைகளில் இன்னும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 30

இலுப்பைப் பழம் விழத் தொடங்கிவிட்டது. வௌவால்கள் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கண்மாய்க் கரை மரத்தடியில் போடுகின்றன. பழுப்பாக, வழவழப்பாக, ஏற்கெனவே சதை நீக்கிய கொட்டைகள். முன்பு விளக்கெரிக்கிற இலுப்பை எண்ணெய்க்கு ஆட்ட இதைத்தான் பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்கினார்கள். இலுப்பைக்குடியிலேயே இலுப்பை குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்களுக்குச் சொல்கிறேன், இதுதான் தருணம்.

இலுப்பை விதையைச் சேமித்து வைக்க முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத் திறன் போய்விடும். பொறுக்கிய வாரமே ஊன்ற வேண்டும். ஆழமாக வேண்டாம், விரற்கடை ஆழம் போதும். வேர் நேராக இறங்கும் என்பதால் நீளமான பையாகப் பாருங்கள், மழை பிடித்ததும் கரையில் வைத்துவிடலாம். ஆட்டுக்கு எட்டாமல் முள் கட்ட வேண்டும். பொறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரைக்குடி வாசகர் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறார். நான் பைகளும் செம்மண்ணும் தயாராக வைத்திருக்கிறேன். இன்னும் நாலு பேர் வந்தால் ஒரு கரை முழுதும் ஊன்றிவிடலாம்.